தலையில் ஏறி உட்கார்ந்த 'ஒன்லி'

ஆங்கிலம் தெரியாதவன் ஆங்கிலத்தில் எழுதாமல் பிழைத்துக்கொள்வான். அரைகுறையாகத் தெரிந்த நான் எழுதினேன். அதுவும் ஓர் ஆங்கில டீச்சருக்கு. இப்படியொரு முட்டாளை நான் கண்ணாடியில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஆட்களின் வருகையைப் பதிகிற டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் பார்த்துவிட்டு வந்தோம். பெண் அங்கே ஒரு பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறவர். அதற்கு முன் எனக்கு மூன்று வரன்கள் வந்து தட்டிப்போயிருந்தன. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. என் வீட்டில்தான் இன்னும் இரண்டு இடம் பார்க்கலாமே என்று இழுத்தார்கள். யாரைக் காட்டினாலும் உங்களை மட்டும்தான் கட்டுவேன் என்று அவருக்கு ஆங்கிலத்திலேயே கடிதம் போட்டுத் தெரிவித்துவிட நினைத்தேன்.

"ஏலே, தமிழ்ல எழுதித் தொலைலே" என்றார் பக்கத்து மேஜை நண்பர். கேட்டேனா? தமிழில் 'மட்டும்' பின்னால் வருகிறது, ஆங்கிலத்தில் எல்லாம் தலைகீழ், எனவே முன்னால் போட வேண்டும் என்று முடிவுகட்டி, வாக்கியத்தின் தலையிலேயே தூக்கி வைத்தேன்: 'ஒன்லி ஐ வில் மேரி யூ.'

திங்கட்கிழமை டீச்சருடைய அண்ணன் மில் வாசலுக்கே வந்துவிட்டார். கையில் என் கடிதம். 'ஒன்லி'யின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

"நீரு ஒருத்தர்தான் கட்டுவீராக்கும்? எங்க பிள்ளைக்கு வேற ஆளே கெடைக்காதோ? எம்புட்டுத் திமிரு ஓய் உமக்கு! வெள்ளிக்கிழம வேற மாப்பிள்ள வீட்டுக்காரங்க வாராங்க. உம்ம சோலியப் பாரும்."

என் சோலியே அதுதானே! நண்பருடைய மகனின் ஆங்கில இலக்கணப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். பழைய வருகை அட்டைகள் ஐந்தின் பின்பக்கம் சொல்லுக்கு ஒன்றாக எழுதினேன். சாப்பாட்டு நேரமெல்லாம் அவற்றை மேஜையில் பரப்பி 'ஒன்லி'யை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தேன். முதலில் வைத்தால் நான் ஒருவன்தான் ஆள். 'மேரி'க்கு முன்னால் வைத்தால் கல்யாணம் மட்டும்தான், சோறு போட மாட்டேன் என்பதுபோல் ஆகிறது. 'யூ'வுக்கு முன்னால் வைத்தபோதுதான் அவரைத் தவிர எல்லாப் பெண்களும் விலகிப்போனார்கள்.

நண்பர் எட்டிப் பார்த்து, "ஆபீஸ்ல உக்காந்து சீட்டா வெளையாடுத?" என்றார். வாழ்க்கையே அந்த ஆட்டத்தில்தான் இருந்தது.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். பள்ளி விடுகிற நேரம். விடைத்தாள் கட்டோடு வெளியே வந்தவர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"எங்க அண்ணன் பாத்தா கால ஒடிச்சிருவாரு. போயிருங்க."

"செத்த நேரம் நில்லுங்க டீச்சர். அஞ்சே வார்த்தைதான்."

அட்டைகளை மதிற்சுவர்மேல் வரிசையாக வைத்தேன். 'ஐ வில் மேரி ஒன்லி யூ.' அவர் ஒரு தடவை படித்தார். அப்புறம் இன்னொரு தடவை. சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்துக் கடைசி அட்டையில் ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட்டு நடந்தார். வெள்ளிக்கிழமை வரவேண்டியவர்களுக்கு வர வேண்டாமென்று அன்றே சொல்லியனுப்பிவிட்டார்கள்.

மனதில் இருப்பது எவ்வளவு நல்லதானாலும், சொல் இடம் மாறி உட்கார்ந்தால் அது வசவாகிவிடும் என்று அன்று கற்றேன். இன்றும் எதை எழுதினாலும் 'மட்டும்' எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உறையை ஒட்டுகிறேன். இதை எழுதி முடித்ததும் மனைவியிடம் படித்துக் காட்டி, அவ்வளவு பெரிய தப்புக்குப் பிறகும் எப்படிச் சம்மதித்தாய் என்று கேட்டேன்.

"ஒங்கள வேற எவ கட்டுவா? ஒன்லி ஐ."