எதெல்மிரா திரையை மூடிய கதை

பனி கொட்டும் கொய்யாய்க்கே ஊரின் மேட்டுத் தெருவில் எதெல்மிரா பார்ரீயாவைப் பிடித்தவர்கள் ஒருவரும் இல்லை. அவளுக்குத் தெரியாமல் வாழ்ந்தவர்களும் இல்லை. இளவயதில் அவளுக்குத் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை. ஊரார் பேச்செல்லாம் அவள் காது வழியாகத்தான் போய்வரும். இயந்திரம் வந்து அந்த வேலையைப் பிடுங்கியதும் அவள் ஓய்ந்துவிடவில்லை. காதை விட்டுக் கண்ணுக்கு மாறிக்கொண்டாள். மாடியில் தெருவைப் பார்த்தபடி பெரிய ஜன்னல், ஒரு நாற்காலி, கையில் சூடாக மாத்தே என்ற இலைத் தேநீர். வேறென்ன வேண்டும்?

அந்த ஊரில் இப்படி வேவு பார்ப்பவர்களைத் தவளை என்பார்கள். தெருவே அவளைத் தவளை என்றது. எதிர்வீட்டு யாஸ்னாவுக்குத்தான் கோபம் அதிகம். ஒருநாள் நடுத்தெருவில் நின்று கத்தினாள்:

"உங்க வீட்ல அடுப்பே எரியறதில்லையா அக்கா? எங்க வீட்டுச் சட்டிய எட்டிப் பாத்தே வயிறு ரொம்பிடுதா?"

"நேத்து உன் சூப்புல உப்பு கூடிப்போச்சு போல. உன் புருஷன் மூஞ்சியே சரியில்லையே!" என்றாள் எதெல்மிரா, ஜன்னலைத் திறந்து.

போன குளிர்காலத்தில் அவள் நெஞ்சில் சளி கட்டிப் படுக்கையில் விழுந்தாள். இன்னொரு முறை வந்தால் நுரையீரல் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஊரிலோ எல்லோரும் ஈர விறகை எரித்து எரித்து, வானத்தையே புகைபோக்கி ஆக்கி வைத்திருந்தார்கள். புகை மிஞ்சிய நாட்களில் விறகடுப்பு மூட்டவே தடை. அப்படியானால் வீட்டுக்குள் இருக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டை விடாமல் பிடித்து வைத்தாக வேண்டும். அதைக் குடித்துக்கொண்டிருந்தது அந்தப் பெரிய ஜன்னல்தான்.

மகள் நோயெமி தையல் மிஷினோடு வந்து இறங்கினாள். கம்பளித் துணிக்குப் பின்னால் தடித்த உள்துணி வைத்து, மேலே கம்பியை மறைத்து, கீழே தரையைத் தொடும்படி திரை தைத்தாள். ஓரங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டன.

"பகல்ல வெயில் உள்ள விழட்டும், திறந்து வை. வெயில் சாஞ்சதும் இழுத்து மூடிடணும். புரியுதா?"

புரியாமல் என்ன? குளிர்காலத்தில் அங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மனிதர்கள் வீடு திரும்புவதும் அப்போதுதான். வெயில் இருக்கும்போது தெருவில் நாய்கள்தான் திரியும். நாய்களைப் பற்றி யாரிடம் என்ன பேசுவது?

முதல் வாரம் எதெல்மிரா திரையின் நடுவே விரல் அகலம் இடைவெளி விட்டாள். நோயெமி வந்து அங்கே ஒரு மெழுகுவர்த்தியைக் காட்டினாள். சுடர் சாய்ந்து ஆடியது.

"பாத்தியா? உன் கண்ணு வெளிய போற வழியாத்தான் குளிர் உள்ள வருது."

"குளிராவது என்னப் பாக்க வருதே. நீ எனக்கு உடம்பு முடியலன்னாத்தான் வர்ற."

நோயெமி ஊசியை எடுத்து நடுவில் சேர்த்துத் தைத்துவிட்டாள். இனிமேல் திரையை மொத்தமாக ஒரு பக்கம் ஒதுக்கினால்தான் உண்டு. திருட்டுப் பார்வைக்கு வழியில்லை. எதெல்மிராவுக்குச் சாவு பயம் இருந்தது. அதனால் அடங்கினாள்.

வீடு கதகதப்பானது. இருமல் நின்றது. தெருவுக்கோ திருவிழா! ரொட்டிக்கடைக்காரர் நோயெமியைக் கூப்பிட்டு ஒரு பாட்டில் ஜாம் கொடுத்து, "அம்மாவை நல்லாப் பாத்துக்க, திரையை மட்டும் திறக்க விட்டுடாதே" என்றார். தன்னைத் தூக்கிக் கடாசிவிட்டுத் தெரு அது பாட்டுக்கு நடப்பது எதெல்மிராவுக்கு அவமானமாக இருந்தது. ஒரு பயலாவது வந்து, இருக்கிறாயா செத்தாயா என்று கேட்டானா?

வந்தது யாஸ்னா. ஒரு மத்தியானம், தட்டில் சுடச்சுடப் பூசணிப் பணியாரத்தோடு, கழுத்துத் துணியைக் கன்னம்வரை சுற்றிக்கொண்டு வந்தாள். எதெல்மிராவுக்குத் தலைகால் புரியவில்லை. பகைக்காரியே படியேறி வந்துவிட்டாளே!

"என்னடி, தவளை இல்லாம போரடிக்குதா?"

"அக்கா, சாயங்காலம் அந்தத் திரைய மூடாதீங்க."

"ஏன்? உன் சட்டிய யாரும் பாக்கலன்னு வருத்தமா?"

யாஸ்னா துணியை விலக்கினாள். கன்னம் கன்றிப்போயிருந்தது.

"முன்னெல்லாம் உள்ள வர்றதுக்கு முன்னாடி என் வீட்டுக்காரர் ஒஸ்வால்தோ உங்க ஜன்னலத்தான் பாப்பார். 'தவளை முழிச்சிருக்கு'ம்பார். கைய ஜேப்புக்குள்ள வெச்சுப்பார். இப்ப மூடியிருக்கே..."

எதெல்மிரா நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள். இத்தனை வருஷம் தெருவில் நடந்ததையெல்லாம் பார்த்திருந்தாள். தன்னால் நடக்காமல் நின்றுபோனதை எப்படிப் பார்த்திருக்க முடியும்?

"இங்கயே இருந்துடேன்டி."

"பிள்ளைங்க இருக்காங்களே அக்கா. என் தங்கச்சிக்குத் தகவல் சொல்லியிருக்கேன், வந்து எங்களக் கூட்டிட்டுப் போயிடுவா. பாதை பனியில அடைஞ்சு கிடக்கு. அது திறக்கற வரைக்கும்..."

அன்று சாயங்காலம் நோயெமி மருந்தோடு வந்தபோது வீடு ஐஸ்பெட்டி மாதிரி இருந்தது. திரை முழுதும் ஒதுங்கிக் கிடந்தது. தலைக்கு மேல் விளக்கைப் போட்டுக்கொண்டு, இருமியபடி, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும்படி எதெல்மிரா உட்கார்ந்திருந்தாள். கீழே ஒஸ்வால்தோ தன் வீட்டு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா! பைத்தியமா உனக்கு? மூச்சு நின்னுடும்!"

"கத்தாதே. இன்னொரு கம்பளி எடுத்துக் குடு. அவன் தூங்கினதும் மூடிக்கறேன்."