கிழவி வேஷக்காரரின் இரண்டாவது கணக்கு

எங்கள் டிராம் பணிமனையில் லோர்னா த்ரெல்ஃபாலைத் தெரியாதவர் கிடையாது. ஃப்ளீட்வுட் கடற்கரைப் பாதையில் டிராம் ஓட்டும்போது கடல் நண்டு குறுக்கே வந்தால்கூட மணியடித்து நிறுத்துகிறவள். பயணிகள் திட்டினால், "அதுக்கும் அவசரம் இருக்கும் கண்ணு" என்பாள்.

அவள் அப்பா வில்ஃப் மீன்பிடித் துறையில் மீன் வெட்டிப் பிழைத்தவர். ஆனால் ஊருக்கு அவரைத் தெரிந்தது வேறு காரணத்தால். ஒவ்வொரு ஜனவரியிலும் சர்ச் ஹாலில் பழைய மீனவர்கள் போடும் கோமாளி நாடகத்தில் அவர்தான் கிழவி வேஷம். முப்பது வருடம் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஊரையே சிரிக்க வைத்தார். எண்பத்தெட்டு வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அவர் உயிலில் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை லோர்னாவுக்குக் கொடுத்திருந்தார். வீடு விற்றாயிற்று. பணம் வங்கியில் இருந்தது. அவள் தம்பி டீன் ஒரு கேரவனுக்கு முன்பணம் கட்டிவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அப்பா போய் நாலு மாசம் ஆச்சு. பணம் உன் கணக்குல குறட்டை விட்டுத் தூங்குது. கேரவன் கடைக்காரன் என்னைத் தூங்க விடமாட்டேங்கிறான்."

"தூங்கட்டும்டா. அப்பா யாருக்காவது தர வேண்டியிருந்து, நான் அதுக்குள்ள பிரிச்சுக் கொடுத்துட்டா, என் கைக்காசைப் போட்டுத்தான் கட்டணும்."

"அப்பாவா? பக்கத்து வீட்டுல ஒரு முட்டை கடன் வாங்கினா ரெண்டா திருப்பிக் கொடுத்தவரு!"

அடுத்த வாரமே உதவித்தொகை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வில்ஃபுக்குப் பென்ஷன் போதாது என்று அரசு பல வருடமாக மேற்கொண்டு கொஞ்சம் கொடுத்து வந்தது. சேமிப்பு ஒரு வரம்பைத் தாண்டினால் அது குறையும். இப்போது சொத்து விவரத்தைப் பார்த்தால், அவர் சொல்லாத இரண்டாவது வங்கிக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதில் பதினைந்தாயிரம் பவுண்டு. கூடுதலாகக் கொடுத்ததைச் சொத்திலிருந்து திருப்பித் தர வேண்டியிருக்கும், அதுவரை எதையும் பிரிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள்.

பணிமனை கேன்டீனில் என்னிடம் கடிதத்தை நீட்டினாள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"பணம் போனா போகட்டும். எங்கப்பா பொய் சொன்னவராடி?" என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

வங்கியிலிருந்து வாங்கி வந்த விவரத்தை இருவருமாகப் பார்த்தோம். வருடம் முழுவதும் அந்தக் கணக்கில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. நவம்பரில் கொஞ்சம் வெளியே போகும். ஜனவரி கடைசியில் மொத்தமாக உள்ளே வரும். ஜனவரி கடைசி!

"நாடகம்!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். கேன்டீனே திரும்பிப் பார்த்தது.

அன்று மாலையே நெட் பர்ட்விசில் வீட்டுக்குப் போனோம். நெட் அந்த நாடகக் குழுவின் மூத்த ஆள்; இரண்டு பேர் சேர்ந்து போடும் பசு வேஷத்தில் எப்போதும் பின்பாதி.

"அந்தப் பணமா? அது எங்க பணம் கண்ணு!" என்றார். "டிக்கெட் வித்த காசு. குழு பேர்ல கணக்குத் திறக்கணும்னா பாங்க்ல ஆயிரம் கேள்வி கேட்டான். உங்கப்பாதான், விடுங்கடா, என் பேர்ல போட்டுக்கறேன்னாரு."

"அதை ஒருத்தரும் இதுவரைக்கும் சொல்லலையே மாமா?"

"செத்த வீட்டுல போய் காசு கேக்கச் சொல்றியா?"

மறுநாள் லோர்னா உதவித்தொகை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். ஷாஹீன் என்ற பெண் பேசினாள். "அவர் பேர்ல இருந்தா அவர் பணம்னுதான் எடுத்துப்போம் மேடம். இல்லேன்னா, யாரோடதுன்னு நீங்க காட்டணும்."

"ஒரு துண்டு ரசீதுகூட இல்லையேம்மா."

"பணம் போட்டவங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். ஹால் வாடகைக்கு விட்டவங்க நாடகத் தேதியை எழுதித் தரட்டும். ரெண்டையும் பாங்க் விவரத்தோட வச்சுப் பார்க்கிறோம்."

சனிக்கிழமை ஏழு கிழவர்களை ஹாலில் உட்கார வைத்து எழுத வைத்தாள். ஆளாளுக்குத் தன் நடிப்பைப் பற்றியே எழுதினார்கள். நெட் இரண்டு பக்கம் தாண்டியும் நிறுத்தவில்லை.

"மாமா, பசுவோட மடி எப்படித் தச்சதுன்னு எதுக்கு?"

"ஆபீசருக்கு நம்பிக்கை வரணும்ல?"

அப்போதுதான் லோர்னாவுக்கு ஒன்று உறைத்தது. ஒரு வருடம் மட்டும் ஜூனில் நாலாயிரம் பவுண்டு வந்திருந்தது. ஜூனில் ஏது நாடகம்?

"இது அப்பா கார் வித்த பணம். வாங்க வந்தவனுக்கு டீ போட்டதே நான்தான்."

"அதுவும் எங்களதுன்னு எழுதிட்டா போச்சு" என்றார் நெட், பேனாவைத் திறந்தபடி.

"வேண்டாம் மாமா. அது உங்களது இல்லை."

கார் பணத்தை அவள் மறைக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் டீன் குதித்தான். "உன்னை யாரு அக்கா கேட்டா?"

"கேட்டிருக்காங்கடா, எழுத்துலயே."

"அப்பா ஏன் சொல்லலையாம்?"

"மறந்திருப்பாரு. இல்லேன்னா மறந்த மாதிரி இருந்திருப்பாரு. அவர் என்ன தேவதையா? உனக்கும் எனக்கும் அப்பாதானே!" என்று சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

முடிவு வர ஆறு வாரமானது. நாடகப் பணத்தைக் குழுவினுடையது என்று ஏற்றுக்கொண்டார்கள். கார் பணத்தை மட்டும் அவர் சேமிப்போடு சேர்த்துக் கணக்கிட்டு, ஆயிரத்து இருநூறுக்குள் கேட்டார்கள். லோர்னா ஒவ்வொரு வருடத்தையும் சரிபார்த்துவிட்டு அன்றே கட்டினாள். கட்டியாயிற்று, இனி பாக்கி இல்லை என்று போனில் உறுதி செய்த ஷாஹீன், வைக்கும் முன் கேட்டாளாம்: "மேடம், அந்தப் பசு இந்த வருஷமும் வருமா?"

மீதியை அக்காளும் தம்பியும் பிரித்துக்கொண்டார்கள். டீனுக்குக் கேரவன் வந்தது. நினைத்ததைவிட ஒரு அளவு சின்னது. குழுவுக்குச் சேர வேண்டிய பணத்துக்கான காசோலையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை லோர்னா அவன் தலையிலேயே கட்டினாள். முகத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஹால் வாசலில் நின்று கத்தினான்.

"ஏய் கிழவங்களா! இதை வச்சாவது ஒழுங்கா ஒரு கணக்குத் திறங்க!"

உள்ளே நெட் மெதுவாக எழுந்தார். "இன்னொரு தடவை சொல்லு தம்பி. அப்படியே வில்ஃப் குரல்!"

வில்ஃப் போனபின் குழுவுக்குக் கிழவி இல்லை. டீன் மூன்று முறை மாட்டேன் என்றான். நான்காம் முறை கேட்டபோது, பாவாடை என்ன அளவு என்று கேட்டான்.

ஜனவரியில் மேடையேறி வசனத்தைப் பாதியில் மறந்தான். மறந்த கோபத்தில் முன்வரிசையைத் திட்ட, கைதட்டல் நிற்கவே இல்லை. லோர்னா என் தோளில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

குழுவுக்கு இப்போது சொந்தக் கணக்கு இருக்கிறது. பொருளாளர் லோர்னா. உதட்டுச் சாயம் வாங்கியதற்கும் ரசீது கேட்கிறாள் என்று டீன் எங்கள் டிராமில் ஏறும்போதெல்லாம் புகார் சொல்கிறான்.