பரஞ்சோதி அண்ணை பூட்டிய எஞ்சின்

பத்மா அக்காவின் அழைப்பு வந்தபோது, லண்டன் நோர்பரியில் எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் அவர் ஒருநாளும் அழைப்பவர் அல்லர்.

"தங்கச்சி, இவர் போயிட்டார். காலமை எழும்பேல்லை."

அவர் கணவர் பரஞ்சோதி அண்ணை, லண்டனின் தெற்கு விளிம்பில் புல் ஓடுபாதை கொண்ட ஒரு சிறு விமானத்திடலில் எங்களைப் போன்றவர்களின் சொந்த விமானங்களைப் பராமரித்து வந்த பொறியாளர். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. எனக்கு அழுகை வருமுன் பயம் வந்தது. வருடாந்தப் பரிசோதனைக்காக என் விமானத்தின் எஞ்சின் அவர் கொட்டகையில் பாதி கழற்றியபடி கிடந்தது. இனி அதைப் பூட்டுவது யார்? யார் பூட்டினால் நான் துணிந்து ஏறுவேன்?

நாற்பது வயதைக் கடந்த பிறகுதான் பறக்கப் பழகினேன். பழைய இரண்டு இருக்கை விமானம் ஒன்றை வாங்கி, அவரிடம் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் பார்த்து முடித்தவரிடம், "இனிப் பயமில்லைதானே, அண்ணை?" என்று கேட்டேன்.

"நான் பாத்த இடமெல்லாம் சரி, தங்கச்சி. பாக்காத இடமும் ஏதும் இருக்கும்."

அப்படிச் சொல்பவரிடம் விமானத்தை விடுவதா என்று வீடு வரும்வரை யோசித்தேன். மற்றவர்கள் எல்லோரும் "கவலை வேண்டாம்" என்றுதான் சொல்லியிருந்தார்கள். மறுநாள் அவருக்கே அழைப்பெடுத்து, இனி நீங்களே பாருங்கள் என்றேன்.

ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தார் என்று ஒருமுறை கேட்டபோது சிரித்தார். "ஊரில குண்டு போட வாற பிளேனுக்குப் பயந்து பங்கர்க் குழிக்குள்ள கிடந்தனான். இந்தச் சனியன் எப்பிடி மேல நிக்குதெண்டு பாக்கோணும் எண்டு அப்பவே ஒரு எண்ணம்."

பரிசோதனை முடிந்த விமானம் முதன்முறை எழும்பும்போது அவரும் ஏறுவார். அப்படி அவர் ஏறிய ஒரு வசந்தகால மதியம்தான் அது நடந்தது. ஓடுபாதையை விட்டு எழும்பிச் சற்று உயர்ந்ததும் எண்ணெய் கருகும் வாடை வந்தது. பிறகு காலடியிலிருந்து புகை. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் இறங்கிக்கொண்டிருந்தது.

"திரும்புங்கோ, தங்கச்சி. எஞ்சின் நிக்கப் போகுது."

"ஓடுபாதைக்குப் போய்ச் சேருவமோ?"

"தெரியேல்லை. சேர ஏலாட்டி இடப்பக்கம் வயல் கிடக்கு. மரத்தை மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ."

பிள்ளைகளின் முகங்களை நினைக்க முயன்றேன், ஒன்றும் வரவில்லை. ஓடுபாதையை நோக்கி இறங்கும்போது எஞ்சின் நின்றது. காற்றின் இரைச்சலும் எங்கள் மூச்சும் மட்டும் கேட்டன. வேலியை மயிரிழையில் தாண்டிப் புல்லில் விழுந்து, குதித்து, நின்றோம்.

என்னால் இறங்க முடியவில்லை. அண்ணை இறங்கிப்போய் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு அப்படியே புல்லில் குந்தினார்.

"என்ர பிழை," என்றார். எண்ணெய் வடிகட்டியை மாற்றியபோது பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதைக் கவனியாமல் மேலே புதியதைப் பூட்டிவிட்டார். எண்ணெய் முழுவதும் அதன் வழியாக ஒழுகிவிட்டது. அதிகாரிகளுக்கு அவரே அறிவித்தார். திடலில் இருந்த ஒவ்வொரு விமான உரிமையாளரிடமும் அவரே போய்ச் சொன்னார். சிலர் தங்கள் விமானங்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்த வாரம் அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர் ரவி கதவைத் திறந்தார், உட்காரச் சொல்லவில்லை.

"இனி உங்களை என்னெண்டு அண்ணை நம்புறது?"

"என்னை நம்ப வேண்டாம், தம்பி. நான் பூட்டினதை இன்னொரு ஆள் பாக்கட்டும். பாத்து முடிய, முதல் ஆளா நான் ஏறுறன்."

அப்படித்தான் பக்கத்துக் கொட்டகைப் பொறியாளர் ஜேனட் வந்தார். அன்றிலிருந்து அண்ணை பூட்டிய எதையும் அவர் பார்க்காமல் ஒரு விமானமும் எழும்பவில்லை. இத்தனை கால அனுபவமுள்ளவர், தன்னைவிட இளைய ஒருவர் தன் வேலையில் குறை தேடும்போது டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். எனக்கோ ஒவ்வொரு முறை எழும்பும்போதும் மூக்கு அந்த வாடையைத் தேடும். பயம் போகவேயில்லை. ஆனாலும் அவரை விட்டுப் போகவும் மனம் வரவில்லை.

இறுதிச் சடங்கு முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை வானம் மேகமில்லாமல் தெளிவாக இருந்தது. விமானம் வைத்திருந்த நாங்கள் எல்லோரும் திடலில் கூடியிருந்தும் ஒரு விமானமும் எழும்பவில்லை. என் எஞ்சினை ஜேனட் பூட்டி முடித்து, இன்னொரு பொறியாளரை அழைத்துப் பார்க்கவும் வைத்திருந்தார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அண்ணையின் சாமான்களை எடுக்கப் பத்மா அக்கா வந்தார். "ஏன் ஒருத்தரும் ஏறேல்லை?"

"பயமாக் கிடக்கு, அக்கா."

"இவர் ஏறுற நாளெல்லாம் நான் போனைப் பாத்துப் பாத்துத்தான் இருப்பன். இனிப் பயப்பிட ஒண்டுமில்லை எண்டு நினைச்சன். பாத்தா, இப்ப உங்களுக்காகப் பயமாக் கிடக்கு." கொட்டகை வாசலில் போய் நின்றுகொண்டார். "போறதெண்டாப் போங்கோ. நான் இதிலயே நிக்கிறன்."

போனேன். அண்ணை ஏறும் வலப்பக்க இருக்கை வெறுமையாக இருந்தது. திடலைச் சுற்றி ஒரே ஒரு வட்டம். எஞ்சினின் ஒவ்வொரு துடிப்பையும் காது எண்ணிக்கொண்டேயிருந்தது. கீழே கொட்டகை வாசலில், நெற்றியில் கை வைத்து மேலே பார்த்தபடி, ஒரு சிறிய உருவமாக அக்கா நின்றார். நான் திரும்பிய பக்கமெல்லாம் அவரும் திரும்பினார்.

இறங்கிவிட்டேன், அண்ணை. நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.