கொண்டல் வீரனுக்கு உடுப்புத் தைத்த கதை

தையல் கடைக்கு வருகிறவர்கள் உடம்புக்கு அளவு கொடுப்பதில்லை, ஆசைக்குத்தான் அளவு கொடுப்பார்கள். பெருநாள் கிட்டினால் போனை அணைத்துப்போட்டு ஒளித்துத் திரிகிற என் தொழில் சகோதரர்களே, உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கல்முனையில் ஜுப்பாவும் களிசானும் தைத்துக்கொண்டு தன்பாட்டில் கிடந்த என்னை ஒரு சுப்பர் ஹீரோ வந்து பிடித்த கதையைக் கேளுங்கள்.

பேர் தனியாக வரும்

சப்ரி கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிற தம்பி. அவனுக்குப் படம் எடுக்கிற ஆசை வந்தது. எங்கள் ஊர் சித்திர ஆசிரியர் ரவூப் சேர் பேஸ்புக்கில் 'கொண்டல் வீரன்' என்று ஒரு படக்கதை வரைந்து போடுகிறார். கொண்டல் காற்றை ஏவி, கடலில் தத்தளிக்கிற தோணிகளைக் கரை சேர்க்கிற வீரன் அவன். அதைத்தான் படமாக்கப் போகிறார்களாம். வீரனின் உடுப்பு என் தலையில்.

முடியாது என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எனக்கு வேறொரு நோவு இருந்தது. பெண்சாதியின் நானா, அதாவது என் மச்சான், கட்டாரில் இருக்கிறார். லீவில் வந்தால், "தங்கச்சிட மாப்பிள்ள துணி வெட்டுறவர்" என்றுதான் என்னை நாலு பேருக்கு அறிமுகப்படுத்துவார். அது சப்ரிக்கு எப்படித் தெரியுமோ, அந்த இடத்தில் சரியாகக் கை வைத்தான்.

"காசு பெரிசாத் தரேலா காக்கா. ஆனா திரையில 'உடை வடிவமைப்பு'ண்டு ஒங்கட பேர் தனிய வரும்."

வயிறும் தசைதான்

ரவூப் சேர் வரைந்த வீரனுக்கு வயிற்றில் ஆறு கட்டு, இடுப்பு என் மணிக்கட்டுக் கனம். நடிக்க வந்த இஸ்மத்தோ ஒலுவில் துறைமுகத்தில் மீன் லொறி ஓட்டுகிறவன். இரண்டு ஆள் சாப்பாட்டை ஒரே ஆளாகச் சாப்பிடுகிறவன். "படத்துல உள்ள மாதிரியே இரிக்கணும்" என்று சேர் கடையில் கதிரையைப் போட்டுக் குந்திவிட்டார். படத்தில் உள்ளவன் மூச்சு விடுவதில்லை சேர், இவன் விடுகிறானே என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

ஆட்டோ சீட் கட்டுகிற கடையில் ஸ்பொஞ்ச் வாங்கி நெஞ்சுக்கும் புயத்துக்கும் வைத்துத் தைத்தேன். மேல்பக்கம் மாஷா அல்லாஹ், யானை மறித்தாலும் நிற்பான். ஆனால் வயிறு வயிறாகவே கிடந்தது. கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு இஸ்மத் சொன்னான்: "மறைக்கேலாட்டி விடுங்க காக்கா, வயித்துக்கும் மேலால கோடு போட்டுத் தசையாக்கிருங்க."

உள்ளே போடுவது வெளியே

படத்தில் வீரன் களிசானுக்கு மேலே சிவப்பு ஜங்கி போட்டிருந்தான். தைத்து, கடை வாசலில் கொழுவியிருந்தேன். ஜுப்பா எடுக்க வந்த பள்ளிவாசல் மரைக்கார் அதற்கு முன்னால் நின்றுவிட்டார். கோபப்படவில்லை, அதுதான் பயம். மெதுவாக விசாரித்தார். நானும் சொன்னேன். அன்றைக்கே ஜங்கியைக் கழற்றிவிட்டு, முழங்காலுக்குக் கீழே இறங்குகிற அங்கி ஒன்று வெட்டினேன். காற்று வீரனுக்கு அங்கி பறந்தால் வடிவுதானே என்று சேரையும் ஒரு மாதிரிச் சமாளித்தேன். போகும்போது மரைக்கார் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "ஊரக் காப்பாத்துற அவசரத்துல, பாவம், எது உள்ளுக்கு எது வெளியாலண்டு மறந்துட்டான் போல."

ஒலுவிலில் அசர்

துறைமுகத்தில் சூட்டிங். வெயில் சாய்கிற நேரம் கடல் பொன்னாகக் கிடக்கிறது, சப்ரி கமராவுக்குப் பின்னால் துள்ளுகிறான். அசர் பாங்கு சொன்னது. இஸ்மத் "தொழுதிட்டு வாறன்" என்று இறங்கினான். அப்போதுதான் எனக்கு உடுப்பு ஞாபகம் வந்தது. கையுறையும் சட்டைக் கையும் ஒன்றாகத் தைத்தது. காலில் போடுகிற சப்பாத்தும் களிசானும் ஒன்றாகத் தைத்தது. சிப் ஒன்றே ஒன்று, அதுவும் முதுகில். தொழுகைக்கு முன்னால் முகம், கை, கால் கழுவி இவன் எப்படி ஒளு எடுப்பான்?

நானும் இரண்டு மீன்காரர்களும் பலாப்பழம் உரிப்பது மாதிரி அவனை உரித்தோம். தொழுதுவிட்டு வந்தவனை மறுகா உள்ளே திணித்து முடிக்க, அந்தப் பொன் வெயில் போய்விட்டது. சப்ரி தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டான். இஸ்மத் கண்டிப்பாகச் சொன்னான், தொழுகைக்குக் கழறாத உடுப்பென்றால் வேறு வீரனைப் பாருங்கள் என்று.

வீட்டுக்கு வந்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு சிப், கணுக்காலைச் சுற்றி ஒரு சிப், முகமூடி பின்னால் தள்ளினால் விழுகிற மாதிரி என்று எல்லாவற்றையும் பிரித்துத் தைத்தேன். சேர் கண்டுவிட்டார். சிப் வைத்தவனுக்கு வடிவமைப்பு என்று பேர் போட்டால் கதையைத் தரமாட்டேன் என்று ஒரே பிடி. சப்ரி என்னைப் பார்க்கிறான், நான் சப்ரியைப் பார்க்கிறேன். என் பேர் அந்தரத்தில் தொங்குகிறது. கடைசியில் மருதமுனைக் கைத்தறித் துணியில் உடுப்பின் அதே நீலத்தில் பட்டி வெட்டி, சிப்பை மூடினேன். சேர் தடவிப் பார்த்தார். சிப் வெளியே தெரியவில்லை. பேருக்கு ஒப்புக்கொண்டார், மனம் மட்டும் ஆறவில்லை: "நான் இவ்வளவு காலமா வரையிறன், அவன் ஒரு நாளும் ஒளு எடுக்கவும் இல்ல, ஒண்டுக்குப் போகவும் இல்ல."

பேர் வந்தது

படம் போட்ட அன்று மண்டபம் நிறைந்துவிட்டது. கட்டார் மச்சானை வலிந்து கூட்டிவந்து பக்கத்தில் இருத்தினேன். கடைசியில் பேர் ஓடும், எழும்ப வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லியும் வைத்தேன். ஆனால் செலவு கொடுத்த அரிசி ஆலைக்காரர் முன்னுக்குப் பேசினார் பாருங்கள், பேச்சு நிற்கவே இல்லை. படம் பிந்திவிட்டது. கொண்டல் வீரன் தோணியைக் கரை சேர்த்தான், பேர் ஓடத் தொடங்கியது, மஃரிப் பாங்கும் சொன்னது. முதலில் ஆலைக்காரரின் பேர், பிறகு அவருடைய மகன்மாரின் பேர். மண்டபம் தொழுகைக்கு எழும்பிவிட்டது. மச்சானும் எழும்பினார். சனத்தோடு சனமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நானும் போனேன். என் பேர் வெறும் கதிரைகளுக்கு முன்னால் ஓடியிருக்கும். அழாத குறை.

பள்ளிவாசல் குழாயடியில் நெரிசல். போட்டோவுக்காக வீர உடுப்போடு வந்திருந்த இஸ்மத், பட்டியைத் தூக்கி, சர்ரென்று சிப்பை இழுத்து, கையையும் காலையும் கழுவி, மற்றவர்கள் சட்டைக் கையை மடித்து முடிப்பதற்குள் எழும்பிவிட்டான். குழாயடியே பார்த்துக்கொண்டு நின்றது. மரைக்கார் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பி, "இத ஆரு தைச்ச?" என்று கேட்டார். இறுக்கமான சட்டைக் கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மச்சான்தான் நிமிர்ந்தார்.

"தைச்சல்ல மரைக்கார், டிசைன் பண்ணின. எங்கட தங்கச்சிட மாப்பிள்ள."

ஆகவே சகோதரர்களே, திரையில் பேர் வரும் என்று எவனாவது சொன்னால் ஊசியை எடுக்காதீர்கள், எங்கள் ஊரில் பேர் குழாயடியில்தான் வரும், அதுவும் வந்த மறுநாளே ஊர் ஜுப்பாவெல்லாம் கைச் சிப் கேட்டுக் கடை வாசலில் வந்து குவியும்.