ஒன்பது வீட்டுக் கட்டில்

டேப்பு அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று எங்கள் ஆபீசில் இப்போது பேச்சு. போன மாதக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, பிள்ளைகளின் மதச் சடங்குக்கு உதவிப் பணம் கொடுப்பதை மறுபடியும் அவசியப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டார். அந்த உதவியைப் பட்டியலிலிருந்து அடித்துத் தூக்கியதே ஏழு வருடத்துக்கு முன்னால் அவர்தான். ஒருவர் கையிலிருந்த டீயைக் குடிக்க மறந்து ஆற விட்டுவிட்டார்.

எனக்கு மட்டும் ஆச்சரியமில்லை. நான் நலத்துறை வேன் ஓட்டுகிறவன். ஒன்பது வருடமாக அக்காவை வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்கிவிடுவது நான்தான். ஆள் பற்றாக்குறை என்று சொல்லி, அவர் அளந்து சொல்வதை நோட்டில் எழுதுகிற வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். அதனால் எனக்கு ஆகவேண்டிய அதிர்ச்சி அதற்கு முன்னால் ஒரு வியாழக்கிழமையே ஆகிவிட்டது.

அக்கா ஒடிசலான ஆள். வயது ஐம்பத்து நான்கு. இந்த வேலைக்கு வருவதற்கு முன் எட்டு வருடம் ஒரு தையல் கடையில் மெஷின் மிதித்தவர். அங்கிருந்து கொண்டுவந்தது ஒரு துணி டேப்பு. கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தால் டாக்டர் வருகிறார் என்று சின்னப் பிள்ளைகள் ஓடி ஒளியும். ஒரு குடும்பம் கட்டில் கேட்டு மனுப் போட்டால், அந்த அறையில் கட்டில் கொள்ளுமா என்று அளந்து பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். போகிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். தம்பி வீட்டு மாடியில் ஒற்றை அறை, ஒரு மேசை, ஒரு மெஷின், அவ்வளவுதான் அவருடைய சொத்து.

கறார் என்றால் அப்படி ஒரு கறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே அடுப்பை இரண்டு வீட்டார் மாற்றி மாற்றிக் காட்டி உதவி வாங்கியதைக் கையும் களவுமாகப் பிடித்தவர். அன்றிலிருந்து பையில் மஞ்சள் சாக்பீஸ் வைத்திருப்பார். பார்த்த சாமானில் யார் கண்ணுக்கும் படாத மூலையாகப் பார்த்து ஒரு கோடு கிழித்துவிடுவார். இது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

சடங்கு விஷயத்துக்கு வருகிறேன். எந்த மதமாக இருந்தாலும் பிள்ளைகளுக்கென்று ஒன்று இருக்கத்தானே செய்கிறது. நாங்கள் போகிற பக்கத்துக் குடும்பங்களில் எட்டு வயதான பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்பு போட்டு, வரிசையாக ஆலயத்துக்கு அழைத்துப் போய்ப் பேர் சொல்லி ஆசி வாங்குவார்கள். முன்பெல்லாம் அதற்கு உதவிப் பணம் உண்டு. ஏழு வருடத்துக்கு முன்னால் அக்கா கமிட்டியில் எழுந்து போட்டாரே ஒரு போடு! “எனக்கு எங்கம்மா பக்கத்து வீட்டு உடுப்ப இரவல் வாங்கி, முதுகுல பன்னெண்டு ஊசி குத்தி அனுப்பினாங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்? பிள்ளைங்க தரையில படுக்குது. அந்தப் பணத்தக் கட்டில் வாங்கக் குடுங்க.” கைதட்டிப் பட்டியலை மாற்றினார்கள். நானும் கைதட்டின கட்சிதான். சாமிக்கும் சர்க்காருக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்பது என் எண்ணம். இன்றைக்கும் பாதி மனது அப்படித்தான் சொல்கிறது.

அதற்குப் பிறகு கட்டில் வாங்கப் பணம் கேட்டு மனுக்கள் குவிந்தன. அதுவும் சடங்குக்கு முந்தின இரண்டு மாதத்தில்தான் மழையாகக் கொட்டும். எல்லாம் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு. “எட்டு வயசானா தரை குத்த ஆரம்பிச்சிடும் போலக்கா” என்று நான் கிண்டல் செய்வேன். “வளர்ற பிள்ளைங்க இல்லையா தம்பி” என்பார் அக்கா, முகத்தில் அத்தனை பெருமையோடு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனுஷிக்கு அந்த ஒன்று மட்டும் தட்டுப்படவில்லை. எங்கள் ஆபீஸ் வழக்கம் அப்படி. கொடுப்பதற்கு முன்னால் ஆயிரம் தடவை பார்ப்போம். கொடுத்த பின் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை.

இந்த வருடம் புதிதாக வந்த மேலதிகாரிதான் கேட்டார்: “பணம் வாங்கினவங்க கட்டில் வாங்கினாங்களான்னு யாராவது பாத்தீங்களா?” ஒருவரும் பார்த்ததில்லை. “அதுக்கென்ன, பாத்துட்டா போச்சு” என்றார் அக்கா. இந்த வருடம் கட்டில் பணம் வாங்கியதில் ஒரே தெருவில் ஒன்பது வீடு. ஞாயிற்றுக்கிழமை சடங்கு. வியாழக்கிழமை காலையில் போய் இறங்கினோம்.

வரிசை வீடுகள். வீட்டுக்கு ஒரே அறை, பின்பக்கம் ஒரு கதவு, அதற்குப் பின்னால் ஓர் ஒல்லிச் சந்து. முதல் வீட்டுக்காரம்மா பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறவர். நீல பெயின்ட் அடித்த இரும்புக் கட்டில் சுவரோரம் கிடந்தது. அதன்மேல் கால்களை ஆட்டிக்கொண்டு ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். மேல் வரிசையில் இரண்டு பல் இல்லை.

“நான் மொதல்ல உடுப்புக்குத்தான் மனுப் போட்டேன் மேடம்” என்றார் அந்த அம்மா. “நீங்கதான் ‘இது அவசியமில்ல, கட்டில் வாங்கிக்கொள்ளவும்’னு சிவப்பு மையில எழுதித் திருப்பி அனுப்பினீங்க. அதான், சொன்ன மாதிரியே வாங்கிட்டேன்.”

அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “பாத்தீங்களா தம்பி? ஒழுங்கா சொன்னா ஒழுங்கா கேப்பாங்க” என்றபடி டேப்பைப் பிடித்தார். “ஆறடி. ரெண்டேமுக்கால். எழுதுங்க.” குனிந்து, கட்டில் காலின் உள்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு.

இரண்டாவது வீட்டில் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. உள்ளேயிருந்து “ஒரு நிமிஷம் மேடம், ஒரே நிமிஷம்” என்று குரல் கொடுத்தார்கள். திறந்தபோது சுவரோரம் ஒரு நீலக் கட்டில். ஆணியில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு வெள்ளை உடுப்பு. அந்த அறையிலேயே சுத்தமான பொருள் அது ஒன்றுதான். அக்கா அளந்தார். குனிந்தவர் நிமிர வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரமாயிற்று. முதுகுவலி போல என்று நினைத்தேன். மூன்றாவது வீட்டிலும் தாழ்ப்பாள் சிக்கியது. “இந்தத் தெருவுல தாழ்ப்பாள் செஞ்சவனைப் பிடிச்சு உள்ள போடணும்” என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

நான்காவது வீட்டில் டேப்பின் நுனி கைநழுவிக் கட்டிலுக்கடியில் விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். காலின் உள்பக்கம் மூன்று மஞ்சள் கோடுகள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே கட்டில்! பின்பக்கச் சந்து வழியாக எங்களுக்கு முன்னால் ஓடி ஓடி வந்திருக்கிறது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பிறகு மண்டியிட்டு, நான்காவது கோட்டைக் கிழித்தார்.

“எழுதுங்க தம்பி. ஆறடி. ரெண்டேமுக்கால்.”

கட்டில் சுற்றுவதைவிட எனக்கு இதுதான் பேரதிர்ச்சி. தெருவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். “அக்கா, காதுல பூ சுத்துறாங்க!”

“தெரியும். ரெண்டாவது வீட்லயே தெரியும்.”

“அப்புறம் எதுக்கு அளக்குறீங்க?”

“எனக்கே தெரியல தம்பி.” பேயறைந்த முகம். “ஏழு வருஷம். எத்தனை கட்டில் எழுதியிருப்பேன்? இருநூறு? முந்நூறு? ஒண்ணுகூட இல்லையா? அந்தப் பிள்ளைங்க எல்லாம் இன்னும் தரையிலயா படுத்திருக்கு?”

ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. எல்லா வீட்டிலும் தாழ்ப்பாள், எல்லா வீட்டிலும் நீலக் கட்டில், எல்லா வீட்டு ஆணியிலும் வெள்ளை உடுப்பு. எட்டாவது வீட்டில் அக்கா பிளாஸ்டிக் உறையைத் தூக்கி உடுப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். “மடிப்பு நெறைய விட்டிருக்காங்க. தங்கச்சிக்கும் ஆகும்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எனக்கோ உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. கட்டிலுக்கென்று வாங்கி உடுப்புக்குச் செலவழித்தால் அதற்குப் பேர் திருட்டு இல்லாமல் வேறென்ன?

ஒன்பதாவது வீடு தெருக்கோடியில். அதற்குப் பின்கதவு கிடையாது. சந்து சுற்றிவந்து அந்த வீட்டு வாசலருகேதான் தெருவில் சேர்கிறது. நிழலாக இருக்கிறதே என்று காலையிலேயே அந்த இடத்தில்தான் வேனை நிறுத்தியிருந்தேன். சந்தின் வாய் அடைபட்டுவிட்டது. இங்கே தாழ்ப்பாள் சிக்கவில்லை. கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே கட்டில் இல்லை. சுருட்டி வைத்த பாய் ஒன்று, ஆணியில் வெள்ளை உடுப்பு. வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறவர். சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறி வெந்த கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“கட்டில் எங்கம்மா?” என்று நான் முந்திக்கொண்டு கேட்டேன்.

“ரிப்பேருக்குப் போயிருக்குங்க. இப்ப வந்துடும்.”

“எட்டு வீடு சுத்தினா ரிப்பேர் ஆகத்தானே செய்யும்” என்றேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி. “சாமி என்ன, உடுப்பு போட்டாத்தான் ஆசி தருவேன்னு சொல்லுச்சா?”

அந்த அம்மா என்னை நேராகப் பார்த்தார். “சாமிக்கு இல்லீங்க. பக்கத்துல நிக்கிற பிள்ளைங்களுக்கு. எம்புள்ள தரையில படுக்கிறத நான் மட்டுந்தான் பாக்குறேன். உடுப்பில்லாம நின்னா ஊரே பாக்கும். உங்க பட்டியல்ல ஊர் பாக்குறதுக்கு ஒரு கட்டம் இல்லையே.”

நான் கையிலிருந்த நோட்டை மூடினேன். அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். “கொஞ்சம் தண்ணி குடுக்குறீங்களா?” என்று அந்த அம்மாவிடம் கேட்டார். ஒன்பது வருடத்தில் அவர் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். குடித்து முடித்து, தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

“வேனை எடுங்க தம்பி. கட்டில் வரணும்.”

எடுத்தேன். வேறென்ன செய்ய? வேனுக்குப் பின்னால், சந்துக்குள், அந்தத் தெருக்காரரான ஒரு வெல்டரும் இரண்டு பெண்களும் கட்டிலைத் தலைக்குமேல் பிடித்தபடி வியர்த்து வழிந்து நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்த ஆள் கட்டிலோடு ஓரடி பின்வாங்கினார். “வழிவிட்டாச்சு, கொண்டு போங்க” என்றேன்.

அளந்தோம். ஆறடி, ரெண்டேமுக்கால். ஒன்பதாவது கோடு.

வேனில் ஏறியதும் கேட்டேன். “ரிப்போர்ட்ல என்னக்கா எழுதப் போறீங்க?”

“ஒன்பது வீட்லயும் கட்டில் பாத்தேன்னு. பாத்தேனா இல்லையா?” என்றவர், திடீரென்று என் கையைப் பிடித்தார். “தம்பி, எட்டு வீட்ல உடுப்பு தொங்குச்சு. மொத வீட்ல பாத்தீங்களா?”

யோசித்தேன். முதல் வீட்டு ஆணியில் ஒரு குடை மட்டும்தான் தொங்கியது.

“திருப்புங்க” என்றார்.

கட்டில் எங்களுக்கு முன்பே முதல் வீட்டுக்குத் திரும்பியிருந்தது. பஸ் கழுவுகிற அம்மா எங்களைப் பார்த்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். “அக்கம்பக்கத்துல கேட்டாங்க மேடம், எப்படி இல்லைன்னு சொல்றது…” அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை. தரையில் அந்தப் பல்விழுந்த சிறுமி உட்கார்ந்து, ஈரத்துணியால் கட்டில் காலின் மஞ்சள் கோடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா அவள் எதிரில் மண்டியிட்டார்.

“நீ ஞாயித்துக்கிழமை போறியாம்மா?”

சிறுமி துடைப்பதை நிறுத்தாமல், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி அவரைப் பார்த்தாள்.

“நான் எப்படிப் போறது? எனக்குத்தான் கட்டில் இருக்கே.”

அக்கா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தெருவில் அவர் பேச்சை நம்பி, அவர் சொன்னபடி செய்தது ஒரே ஒரு வீடு. வரிசையில் நிற்கப்போகாத பிள்ளையும் அந்த ஒரே வீட்டுப் பிள்ளைதான். காலையில் இதே அறையில் நின்று அவர் பெருமைப்பட்டதும், நான் தலையாட்டியதும் நினைவுக்கு வந்து, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அந்தக் குடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நிமிர்ந்து நில்லு” என்றார் அக்கா. கழுத்திலிருந்த டேப்பை உருவினார்.

“அக்கா, அடுத்த வருஷம் எல்லாருக்கும் நீங்களே தைப்பீங்களா?” என்று மெல்லக் கேட்டேன்.

“மாட்டேன். அது ஆபீஸ் செய்ய வேண்டியது. கமிட்டியில கேக்கப் போறேன். இது நான் கெடுத்தது. கையைத் தூக்கும்மா.”

சிறுமி இரண்டு கையையும் தூக்கினாள். ஈரத்துணி ஒரு கையில் சொட்டிக்கொண்டிருந்தது. “கட்டிலத்தான் காலையிலயே அளந்துட்டீங்களே” என்றாள்.

அக்கா டேப்பை அவள் தோளில் வைத்து, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “எழுதுங்க தம்பி. தோள், பதினொண்ணு.”

கட்டிலின் அளவுகளுக்குக் கீழே, அதே பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.