இலை உதிர்த்த ஹைட்ரேஞ்சியா

மலைவீட்டுத் தோட்டத்துக்கு இலையுதிர் பூம்புதர்களைத் தெரிவு செய்ய வழிகாட்டுவோர், மண்ணையும் வெயிலையும் பற்றி எழுதுகின்றனர். செடி மொட்டையாய் நிற்கும் பருவத்தில் அதைச் சுற்றி வாழும் மனிதர் என்ன செய்வர் என்பதை எவரும் எழுதுவதில்லை. ஆகவே நீலகிரியில், எமரால்டு அருகே பள்ளத்தாக்கில், என் அடுத்த வீட்டில் கண்டதைப் பதிந்து வைப்பது கடமையாகிறது.

அவ்வீட்டு மருமகள் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். மணமாகிச் சில ஆண்டுகளாகியும் மகப்பேறு இல்லை. அவளைத் தாய்வீட்டுக்கே அனுப்பிவிடலாம் என்ற பேச்சு வேலி வழியே எனக்கும் கேட்கும். ஒருநாள் வாசலோரம் வைக்க ஒரு செடி கேட்டாள். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் வேண்டும், நீர் தேங்கலாகாது, தேயிலைக்கு உவந்த அமில மண்ணில் பூ நீலமாகும் என்று சொல்லி, ஹைட்ரேஞ்சியாப் பதியன் ஒன்றைக் கொடுத்தேன். அடுத்த கோடையில் அது நீலக் கொத்துகளாய்ப் பூத்தது.

மார்கழி உறைபனியில் இலைகள் கருகி உதிர்ந்தன. மாமியார் வாழ்நாளெல்லாம் தேயிலை பறித்தவர். கவாத்து வெட்டிய தேயிலை மொட்டையாய் நின்று மீண்டும் தளிர்ப்பதை அறிந்தவர். வெட்டாத செடி தானே மொட்டையாகி உயிரோடிருக்கும் என்பதை மட்டும் அவர் ஏற்கவில்லை. தேயிலை அவ்வாறு செய்ததில்லை.

“ஏனுங்கய்யா, கத்தி படாம இலை கொட்டுனா அது செத்துப்போச்சுன்னு தானுங்களே?” என்று வேலியோரம் நின்று கேட்டார். மருமகள் அருகில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். “செடியும் இவளாட்டமே மலட்டுக் குச்சியா நிக்குது, பாருங்க.”

மகன் சிரித்தான். “குச்சியாச்சும் அடுப்புக்கு ஆவும்மா.”

நான் அங்கே சென்று, ஒரு தண்டின் தோலை நகத்தால் கீறிக் காட்டினேன். உள்ளே பசுமை. “செடி தூங்குதுங்கம்மா. நுனிய வெட்டீராதீங்க, வர்ற பூவு அந்த மொட்டுக்குள்ளதான் இருக்குது.”

“அப்ப இவளையும் எங்கியாச்சும் கீறிப் பாக்கோணுமாட்ட இருக்குது” என்றார் மாமியார். மகன் மறுபடியும் சிரித்தான்.

மருமகள் ஈரக்கையோடு வந்து கீறிய தண்டின் நுனிமொட்டைத் தொட்டாள். “பச்சையாத்தானுங்க அத்தை இருக்குது.” அவள் எதிர்ச்சொல் சொல்லி நான் கேட்டது அன்று மட்டுமே.

மறுநாள் செடியை வேரோடு பிடுங்கி வெந்நீர் அடுப்பில் செருகினர். பச்சைத் தண்டு எரியாமல் புகைந்தது. அந்த நீரில் குளித்துவிட்டுப் புறப்படுமாறு அவளிடம் சொன்னார்கள். கணவன் அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, முட்டைக்கோசு நாற்று வாங்கிக்கொண்டு திரும்பினான்.

தை மாதத்தில் மாமியார் என்னிடம் வந்தார். “ஊட்டு முன்னாடி வெறிச்சுன்னு கெடக்குதுங்க. வருசம் பூரா பச்சையா நிக்கிற செடி ஒண்ணு குடுங்க. புதுசாப் பேசியிருக்கிற பொண்ணூட்டுக்காரங்க வந்தா, பாக்க லட்சணமா இருக்கோணுமில்லீங்களா?”

நான் கொடுக்கவில்லை. சந்தையில் வாங்கி வைத்துக்கொண்டார்.

பள்ளத்தாக்கின் கடும் உறைபனியில் ஹைட்ரேஞ்சியாவின் நுனிமொட்டு கருகாமல் தப்புமா என்பதில் எனக்கு முழுத் தெளிவில்லை; அறிந்தோர் திருத்துக. மனிதரைப் பற்றி எழுதியதிலும் பிழை இருக்கவே விரும்புகிறேன். அப்பெண்ணுக்கு நிகழ்ந்தது வேறு என அறிந்தவர் எவரேனும் உளரெனில், அதனையும் திருத்த வேண்டுகிறேன்.