போடியாரின் காரும் போகாத இரைச்சலும்

வீட்டு ரேடியோ திருத்துகிறவனுக்குக் கொஞ்சம் மரியாதையாவது உண்டு. கார் ரேடியோ திருத்துகிறவனுக்குத் தலையிடியைத் தவிர வேறொன்றும் கிடையாது. இதே தொழிலில் கிடந்து உழல்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் பொய் சொல்லவில்லை என்று உங்கள் வீட்டாருக்கும் சொல்லுங்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு மட்டக்களப்பு ரவுணில் நான் கடை போட்டிருந்தேன். ரேடியோ வைத்த கார்களை அப்போது விரல் விட்டு எண்ணலாம். அதில் ஒன்று என் பிராணனை வாங்கியது.

இஞ்சினில் குறையில்லை

தேற்றாத்தீவுப் போடியாருக்கு வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், பெரிய வயல்வட்டை. நெல்லுக்குக் குறைவில்லாத நிலக்காரர். காரைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, "கேளு தம்பி" என்றார். கேட்டேன். கார் உறுமினால் ரேடியோவும் உறுமியது. ட்ரைவர் பெடலை மிதிக்க மிதிக்க ஒரு கீச்சுக் குரல் ஏறிக்கொண்டே போனது. அதற்குள் யாரோ கொழும்பிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். ஆணா பெண்ணா என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை.

இஞ்சினை நிறுத்தச் சொன்னேன். இரைச்சல் பட்டென்று அடங்கியது. "பிளக்கில் பொறி அடிக்கும்போதெல்லாம் ரேடியோவுக்கும் அது கேட்கும். டைனமோவும் சேர்ந்து கத்துது. குறை இஞ்சின் பக்கம்தான்" என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் ரேடியோவும் செத்துப்போனது. பற்றரி அவ்வளவு கிழடு. யுத்தத்தால் புதுப் பற்றரி காருக்கும் கிடைக்கவில்லை, வீட்டு ரேடியோவுக்கும் கிடைக்கவில்லை. இஞ்சின் ஓடினால்தான் ரேடியோ பேசும், இஞ்சின் ஓடினால் பேசுவது கேளாது. போடியாரின் ஒரே மகன் சிங்கப்பூரில் ஒரு கந்தோரில் கிளாக்கர். யப்பான்காரன் அங்கே இறங்கிய நாளிலிருந்து கடிதம் இல்லை. இப்போது அங்கிருந்து கப்பலில் திரும்புகிறவர்களின் பேர்களைப் பின்னேரங்களில் ரேடியோவில் வாசிக்கிறார்கள். அதைக் கேட்கத்தான் மனிதர் தவித்தார். ஆனால் காரைக் குறை சொன்னதைப் பொறுக்கவில்லை.

"இஞ்சின் நல்லா ஓடுது தம்பி. நான் கொண்டுவந்தது ரேடியோவ."

பாதையில் ஒரு வானொலி நிலையம்

பிளக்குகளுக்குத் தடுப்பான் போட்டேன். பட்டாளம் விட்டுப்போன சாமான்களில் தேடியெடுத்த, இரைச்சலை உறிஞ்சுகிற கொண்டென்சர் ஒன்றை டைனமோவுக்குப் பூட்டினேன். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. நானும் நிம்மதியாக இருந்தேன். அடுத்த கிழமை போடியாரின் ஆள் வந்து சொன்னான், இரைச்சல் முன்னையிலும் மோசமாம், ஆனால் வாவிக்கு நடுவில் மட்டும் தெளிவாகக் கேட்கிறதாம். எனக்குத் தலை சுற்றியது. சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன்.

அங்கே கண்டதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. தோணிகளைப் பிணைத்துப் பலகை அடித்த மிதவை, அதைத்தான் பாதை என்போம், வாவிக்கு நடுவில் நிற்கிறது. அதன் மேலே கார், காருக்குள்ளே போடியார். கரையில் வண்டில்காரர்கள், மாடுகள், நெல்மூட்டைகள், காத்தான்குடியிலிருந்து பிடவை விற்கப் போகிற, காக்கா என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் வியாபாரி, இன்னும் ஒரு கூட்டம். மாடுகள் மிரளும் என்பதால் பாதையில் இஞ்சினை நிறுத்தியே ஆகவேண்டும் என்பது பாதைக்காரனின் சட்டம். இஞ்சின் நின்றால் இரைச்சல் இல்லை, அவ்வளவுதான். போடியாரோ தண்ணீருக்கு மேலே வந்தால் ரேடியோ தெளியும் என்று முடிவுகட்டி, அக்கரைக்கும் இக்கரைக்குமாகப் போய்ப்போய் வந்துகொண்டிருந்தார். பத்துப் பேரை வாசிப்பதற்குள் பற்றரி படுத்துவிடும். பிறகு கரையில் எல்லாருமாகத் தள்ளினால்தான் கார் உயிர் பெறும். பிடவைக் காக்காவும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு முழுமூச்சாகத் தள்ளினார். தள்ளி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நீங்கதானே ரேடியோத் தம்பி? அவர்ட மகன் வந்து சேரட்டும், நானும் அல்லாட்ட துவாக் கேக்கன். ஆனா அதுவரைக்கும் எங்கள இந்தக் கரையிலயே குடியிருத்தாதீங்க."

கணபதியின் கைவேலை

மறுநாள் தேற்றாத்தீவுக்கே போனேன். ஓடுகிற இஞ்சினுக்கு மேலே குனிந்து கம்பிகளைத் தடவினேன். தடுப்பான் ஒன்று கழன்று கிடந்ததைக் கவனிக்கவில்லை. தோள்மூட்டு வரைக்கும் ஒரு கரண்ட் அடி. எங்கே நின்றேன் என்று தெரியவில்லை, போடியாரின் மாதுளைப் பாத்திக்குள் இருந்தேன். ட்ரைவர் கணபதி கைகொடுத்துத் தூக்கிவிட்டான். கதிரவெளிக்காரன், கடல் தொழில் செய்கிற குடும்பம், இவன் மட்டும் காருக்கு வந்தவன்.

பிறகு காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். எனக்கு அந்த அடியைவிடப் பெரிய அதிர்ச்சி அங்கேதான் இருந்தது. இஞ்சினையும் காரின் உடலையும் இணைக்கிற பட்டி, ரேடியோவைப் பிடித்த ஆணிகள், போன கிழமை நான் பூட்டிய கொண்டென்சரின் அடி, எல்லாமே கறுப்பு. கணபதி ஒவ்வொன்றையும் கழற்றி, உள்ளும் புறமும் தோணிக்குப் பூசுகிற கீலைத் தடவி, திரும்ப முறுக்கியிருக்கிறான். வாவிக்கரை உப்புக்காற்றுக்குக் கார் துருப்பிடிக்கக் கூடாதாம். இரும்போடு இரும்பு தொட்டால்தானடா இரைச்சல் உடலுக்குள் இறங்கிப்போகும், நடுவில் கீல் இருந்தால் அது ரேடியோவுக்குள்தான் போகும் என்று கத்தினேன். நான் பூட்டியதையும் ஏன் கழற்றினாய் என்று கேட்டேன். அவனுக்குக் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை.

"கார் துருப்பிடிச்சா என்னத்தானே ஏசுவார். ரேடியோ இரைஞ்சா உங்களத்தானே ஏசுறார்."

தெளிவாகக் கேட்டது

கீலைச் சுரண்டி, அரத்தாளால் தேய்த்து, இரும்பு வெளுக்கும் வரைக்கும் விடவில்லை. கணபதியும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூடத் தேய்த்தான். பின்னேரம் வாசலில் காரைப் போட்டு இஞ்சினை ஓடவிட்டோம். ரேடியோவைத் திருப்பினால் ஒரு கீச்சு இல்லை, ஒரு உறுமல் இல்லை. வாசிக்கிறவர் தொண்டையைச் செருமியதுகூடக் கேட்டது. எனக்கு அப்படியொரு சந்தோசம். அயல் சனமெல்லாம் வேலியோரம் வந்துவிட்டது. போடியார் முன்சீட்டில் இருந்தார். அவர் பெண்சாதி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றா.

இது முடிவான பட்டியல், முன்பு கேட்கத் தவறியவர்களுக்காக முதலிலிருந்து முழுப் பேரையும் வாசிக்கிறோம் என்று சொன்னார்கள். வாசித்தார்கள். ஊர், தகப்பன் பேர், ஆள் பேர் எல்லாம் துல்லியமாக விழுந்தன. மட்டக்களப்பு என்று வந்த இடங்களில் போடியாரின் கை ரேடியோவைத் தொட்டுத் தொட்டு மீண்டது. வந்த பேர் எதுவும் அவர் மகனுடையது இல்லை. நன்றி, வணக்கம் என்று முடித்துவிட்டார்கள். இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. திருத்தினேன் என்று பெருமைப்பட்டவன் குனிந்து என் சாமான்களைப் பொறுக்கினேன். போடியார் என்னைப் பார்க்கவே இல்லை. அவர் பெண்சாதிதான் என் பக்கம் திரும்பி, கடையில் ஒரு சாமானை மாற்றித் தரக் கேட்கிற மாதிரி அமைதியாகக் கேட்டா.

"தம்பி, இவ்வளவு நாளும் அந்த இரைச்சலுக்குள்ள எங்கட புள்ளட பேரும் கிடக்கும் எண்டு இருந்தம். முந்தி இருந்த மாதிரியே ஆக்கித் தர ஏலுமா?"

அன்றிலிருந்து இரைச்சல் என்று யார் காரைக் கொண்டுவந்தாலும், என்ன கேட்கப் போகிறீர்கள் என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் ஸ்குறூட்ரைவரைக் கையில் எடுக்கிறேன்.